25 மைலும் 100 மைலும்: எண்டூரன்ஸ் குதிரைப் போட்டியில் தூரங்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வழியில் கட்டாய ஓய்வுகளும் கால்நடை மருத்துவரின் பரிசோதனைகளும் கொண்ட நெடுந்தூரச் சவாரியான எண்டூரன்ஸ் குதிரைப் போட்டியில் 25 மைல் (சுமார் 40 கி.மீ.), 50 மைல் (80 கி.மீ.), 100 மைல் (160 கி.மீ.) என்று தூரங்கள் ஏறிக்கொண்டே போகும். "25 பழகுவதற்கு, 100தான் நிஜப் போட்டி" என்பது இத்துறையில் சகஜமான பேச்சு. இதில் வேகம் என்ற ஒன்று காணாமல் போய்விடுகிறது. தூரத்தைவிட, அந்தத் தூரத்துக்கு ஒவ்வாத வேகம்தான் குதிரையை அதிகம் கெடுக்கிறது என்பது என் கருத்து. ஒப்பீட்டில் வரும் தவறுகள் பெரும்பாலும் இங்கிருந்தே கிளம்புகின்றன.

முதலாவது கணக்குத் தவறு. தூரம் கூடினால் நிதானமாகப் போக அனுமதி கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அமெரிக்காவில் இந்தப் போட்டிகளுக்கு விதி வகுக்கும் ஏ.இ.ஆர்.சி. அமைப்பின் நேர வரம்பைப் பாருங்கள்: 25 மைலுக்கு 6 மணி நேரம், 50க்கு 12, 100க்கு 24. வகுத்தால் மூன்றுக்கும் ஒரே விடைதான், மணிக்கு 4 மைலுக்குச் சற்று மேல். கட்டாய ஓய்வும் இந்த நேரத்துக்குள்ளேயே அடங்கும். 1955 முதல் கலிஃபோர்னியாவின் சியர்ரா நெவாடா மலையில் நடக்கும் டெவிஸ் கோப்பை 100 மைல் போட்டியில் இரண்டு இடங்களில் தலா ஒரு மணி நேரம் நின்றாக வேண்டும். ஆக, கையில் இருப்பது 22 மணி நேரம். முதல் மைலில் கேட்கப்படும் அதே சராசரிதான் இருட்டில், களைத்த கால்களோடு போகும் தொண்ணூறாவது மைலிலும் கேட்கப்படுகிறது. அங்கே கிளம்பும் குதிரைகளில் ஏறக்குறைய பாதிதான் முடிக்கின்றன.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: 25 மைல்தானே என்று விரட்டுவது. ஒழுங்காகப் பயிற்சி பெற்ற குதிரை 25 மைலை முடித்துவிடும். எந்த வேகத்தில் என்பதுதான் விஷயம். கொட்டிலில் ஓய்வெடுத்துவிட்டு வந்த குதிரை, கிளம்பும் இடத்துக் கூட்டத்தைக் கண்டு துள்ளி, முதல் சில மைல்களைப் பறந்து கடந்தால் தசைகள் இறுகிப் பிடித்துக்கொள்ளும் 'டையிங்-அப்' வரலாம். அது பெரும்பாலும் சவாரியின் தொடக்கத்தில்தான் வருகிறது, தூரம் முடியும்வரை காத்திருப்பதில்லை. தசைநாண் அடிபடுவதற்கும் 100 மைல் தேவையில்லை, ஒரு கல்லும் மிதமிஞ்சிய வேகமும் போதும்.

குறுந்தூரத்தில் விரட்டுவது வீண் என்பதற்கு விதியிலேயே காரணம் இருக்கிறது. ஏ.இ.ஆர்.சி.யின் 25 மைல் பிரிவில் இறுதிக் கோட்டைத் தாண்டியதும் கடிகாரம் நிற்காது. குதிரையின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60க்கு இறங்கும்போதுதான் நிற்கும். நான்கு நிமிடம் முன்னால் வந்த குதிரைக்கு நாடி இறங்க பன்னிரண்டு நிமிடம் பிடித்து, பின்னால் வந்த குதிரைக்கு மூன்றே நிமிடம் போதுமானதாக இருந்தால், பின்னால் வந்ததுதான் ஐந்து நிமிட வித்தியாசத்தில் முந்தியது. 50 மைலிலும் அதற்கு மேலும் கோட்டைத் தாண்டிய வரிசைதான் இடத்தைத் தீர்மானிக்கும். அதன் பிறகு 30 நிமிடத்துக்குள் நாடி 64க்கு இறங்கி, மருத்துவர் முன் குதிரை தேற வேண்டும். இரண்டு பிரிவுகளின் நேரப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து "இவன் வேகமானவன், அவன் மெதுவானவன்" என்று பேசுவோர் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதே இல்லை.

நிலப்பரப்பை மறப்பதும் இதே ரகம். சமமான பாலைவனத் தடத்தில் மணிக்கு 20 கி.மீ.க்கு மேல் சராசரி வைத்து 160 கி.மீ. முடிப்பவர்கள் உண்டு. டெவிஸில் வெற்றியாளருக்கே பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. தூரம் ஒன்றுதான், சவாரி ஒன்றல்ல.

இனி குதிரையின் உடலுக்குள் நடப்பது. என்னைக் கேட்டால், குறுந்தூரமும் நெடுந்தூரமும் உண்மையில் பிரிவது இங்கேதான். வெயிலில் நீண்ட நேரம் ஓடும் குதிரை மணிக்கு 10 முதல் 15 லிட்டர்வரை வியர்வையாக இழக்கக்கூடும். மனித வியர்வை ரத்தத்தைவிட உப்புக் குறைந்தது. குதிரை வியர்வையோ ரத்தத்துக்கு இணையாக, அல்லது அதைவிட அதிகமாக உப்புள்ளது. நீரோடு உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால் ரத்தத்தில் உப்பின் செறிவு ஏறுவதில்லை, தாகம் எடுக்க வேண்டிய தூண்டுதலும் கிடைப்பதில்லை. உடல் வறண்ட குதிரை தொட்டி முன் நின்றும் குடிக்காமல் திரும்புவது இதனால்தான். 25 மைலில் இந்த இழப்பு பெரும்பாலும் சமாளிக்கும் அளவில் நின்றுவிடும். அதை வைத்து "என் குதிரை வழியில் தண்ணீர் குடிக்காவிட்டாலும் தாங்கும்" என்று முடிவு கட்டுவது 50 மைலில் ஆபத்து. எலக்ட்ரோலைட் என்ற உப்புக் கலவையைக் கொடுத்துச் சரிசெய்துவிடலாம் என்றால், தண்ணீர் குடிக்காத குதிரைக்குச் செறிவான உப்பைப் புகட்டினால் அது இருக்கிற நீரையும் குடலுக்குள் இழுத்துக்கொள்ளும். முதலில் தண்ணீர், பிறகுதான் உப்பு.

குடலும் அப்படித்தான். ஓட்டத்தின்போது ரத்தம் தசைகளுக்கும் தோலுக்கும் திரும்புவதால் குடல் மந்தமாகிறது. ஓய்வு நேரத்தில் புல் தின்னாத குதிரையை 25 மைலில் சிரித்துக்கொண்டே மன்னிக்கலாம். 100 மைலில் அதே பழக்கம் கோலிக் வயிற்றுவலிக்கு வழிவிடும். ஒவ்வொரு பரிசோதனையிலும் மருத்துவர் விலாவில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பது குடலின் ஓசையைத்தான்.

எரிபொருள் கணக்கும் மாறுகிறது. மிதமான வேகத்தில் உடல் கொழுப்பை அதிகம் எரிக்கும். வேகம் ஏற ஏற கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை கரையும், தசையில் அது பழையபடி நிரம்ப இரண்டு மூன்று நாட்கள்கூட ஆகும். 100 மைலின் முதல் கட்டத்தில் வீணாக்கியதை ஒரு மணி நேர ஓய்வில் மீட்க முடியாது.

நாடி நன்றாக இறங்குகிறது, எனவே அடுத்த தூரத்துக்குக் குதிரை தயார் என்று நினைப்பதுதான் அனுபவம் உள்ளவர்களும் செய்யும் தவறு. இதயமும் தசையும் சில மாதப் பயிற்சியில் தேறிவிடும். எலும்பு, தசைநாண், குளம்பு ஆகியவை கெட்டிப்பட அதைவிட வெகுகாலம் பிடிக்கும். நாடி நன்றாக இருப்பதாலேயே வேகமாக ஓட்டத் தோன்றும். வேகமாக ஓட்டுவதால் கால் போகும். நெடுந்தூரப் போட்டிகளில் குதிரைகள் வெளியேற்றப்படுவதற்கு முதல் காரணம் நொண்டல். அதனால், 50க்கு ஏறும் முதல் முறை 25ல் ஓட்டிய வேகத்தைக் கூட்டாதீர்கள், முடிந்தால் குறையுங்கள். தூரத்தையும் வேகத்தையும் ஒரே பருவத்தில் ஏற்ற வேண்டாம். 100 மைலுக்குத் தயாராக வீட்டில் 100 மைல் ஓட்டிப் பார்ப்பதும் வேண்டாம், அதனால் தேய்மானம்தான் மிஞ்சும்.

சவாரி செய்பவரின் உடலைக் கணக்கில் சேர்க்காதவர்களும் உண்டு. களைத்துச் சேணத்தில் ஒரு பக்கம் சாய்ந்து உட்காருபவரின் எடை கடைசி மணி நேரங்களில் குதிரையின் முதுகில்தான் புண்ணாக விழும். 25 மைலில் இது தெரியவே தெரியாது.

கடைசியாக, அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இரண்டு 50 மைல் முடித்தவர்கள் "நாங்கள் 100 முடித்துவிட்டோம்" என்பது. இடையில் ஓர் இரவு தின்று, குடித்து, படுத்து எழுந்த குதிரை அது. ஒரே நாளில் 100 என்றால் அந்த இரவும் சவாரிதான். ஆனால் இரண்டு நாள் போட்டிக்கும் தனிச் சோதனை உண்டு: முதல் நாளின் தசைப்பிடிப்போடும் வீக்கத்தோடும் மறுநாள் காலை மருத்துவர் முன் குதிரை நேராக ஓடிக் காட்ட வேண்டும். ஒரே நாளில் 100 முடித்த சில குதிரைகள்கூட அந்தக் காலையைத் தாண்டாது.