பவர் சப்ளை இரைச்சலைப் பார்க்க ஆடியோ இன்டர்ஃபேஸ் போதும்

12 வோல்ட் அடாப்டரின், காதுக்குக் கேட்கும் அதிர்வெண்களில் உள்ள இரைச்சலைப் பார்க்க ஆஸிலாஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) வாங்க வேண்டாம். பாட்டு பதிவு செய்யும் ஆடியோ இன்டர்ஃபேஸின் லைன் இன்புட் போதும். ஆனால் நேராகச் செருகாதீர்கள். பாசிட்டிவ் கம்பியில் 1 மைக்ரோஃபாரட், 100 வோல்ட் ஃபிலிம் கெபாசிட்டர், அதை அடுத்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். அதற்கப்புறம் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் (நெகட்டிவ் கம்பி) நடுவே, எதிரெதிர் திசை பார்த்தபடி இணையாக இரண்டு 1N4148 டையோடு. கோலாலம்பூர் ஜாலான் பாசார் பக்கம் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் சாமான்கள்தான்.

கெபாசிட்டர் 12 வோல்ட்டைத் தடுத்து, அதன்மேல் ஏறி நிற்கும் சிற்றலையை மட்டும் உள்ளே விடுகிறது. செருகும் நொடியில் பாயும் மின்துடிப்பை ரெசிஸ்டரும் டையோடும் வாங்கிக்கொள்ளும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே பழைய டிரான்ஸ்ஃபார்மர் சப்ளை என்றால் ஸ்பெக்ட்ரத்தில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இரைச்சல் என்று கணினி காட்டும் வரைபடம்) 100 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் முள் முள்ளாக எழும். 50-லேயே பெரிய முள் நின்றால் முதலில் கிரவுண்ட் லூப்பை (கருவிகளின் கிரவுண்ட் கம்பிகள் வளையமாக இணைந்து மின்சார ரீங்காரத்தை உள்ளே விடுவது) சந்தேகியுங்கள்: லேப்டாப் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இன்டர்ஃபேஸில் மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபேன்டம் பட்டன் அணைந்திருக்க வேண்டும்.

சுவர் பிளக்கின் 230 வோல்ட், வால்வு ஆம்ப்ளிஃபயரின் உயர் மின்னழுத்தம், அடாப்டரின் உட்புறம், இவை பக்கமே போகாதீர்கள். சிற்றலை அரை வோல்ட்டைத் தாண்டினால் டையோடு வெட்டிவிடும், அளவு பொய்யாகும். ஸ்விட்சிங் சப்ளையின் (வேகமாக அணைத்து ஏற்றி வேலை செய்யும் இன்றைய அடாப்டர்) 65 கிலோஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண் இரைச்சல், வழக்கமான 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் சரியாகத் தெரியாது. அதற்கு ஆஸிலாஸ்கோப்தான் நல்லது.