கடமானுக்கு மேக்னம் தோட்டா வாங்கும் முன்

மெல்போர்னில் இருக்கும் என் சித்தி மகன் பொங்கலுக்கு ராயபுரம் வந்திருந்தான். வந்த மறுநாளே கேரம் கிளப்பில் வைத்து, "அண்ணே, வேட்டை லைசென்ஸ் வாங்கிட்டேன், .338 மேக்னம் எடுக்கலாம்னு இருக்கேன்" என்றான். அதுவரை அவன் சுட்டதெல்லாம் .22 என்கிற சின்னத் தோட்டாதான், ஆள் எடை அறுபது கிலோ. ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்துவிட்டு ராத்திரி பத்து மணி வரை அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது நம்மூரில் செய்கிற வேலை கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே கடமானைச் சுட்டால் கம்பி எண்ண வேண்டியதுதான். மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் கதை வேறு. 1860களில் நம் பக்கத்திலிருந்து கப்பலில் கொண்டுபோய் விட்ட கடமான்கள் அங்கே பெருகிவிட்டன, லைசென்ஸ் இருந்தால் சுடலாம்.

படி 1: விலங்கையும் தூரத்தையும் முடிவு செய்யுங்கள்

பெரிய ஆண் கடமான் 200 கிலோவைத் தாண்டும். அதற்கு விக்டோரியா சட்டம் கேட்பது குறைந்தது .270 அங்குல விட்டம், 130 கிரெயின் (சுமார் எட்டரை கிராம்) எடையுள்ள குண்டு, அவ்வளவுதான். அதாவது மேக்னம் கட்டாயமே இல்லை, 1906இல் வந்த .30-06 தோட்டா இன்றைக்கும் தாராளமாகப் போதும். புதருக்குள் 80 கஜத்தில் சுடப்போகிறவர் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு மிச்சக் காசில் குறிபார்க்க நல்ல ஸ்கோப் (துப்பாக்கி மேல் மாட்டும் தொலைநோக்கி) வாங்கிக்கொள்ளலாம். பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எதிர்ச் சரிவில் 300, 400 கஜத்தில் நிற்பதைச் சுடுகிறவருக்குத்தான் மேக்னம் பேச்சு.

படி 2: மேக்னம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெயர் மது பாட்டிலிலிருந்து வந்தது. நம்மாட்கள் ஃபுல் என்கிறார்களே, அதைப்போல இரண்டு மடங்கு, ஒன்றரை லிட்டர் பாட்டிலுக்கு மேக்னம் என்று பெயர். தோட்டாவிலும் அதே கணக்குதான், பித்தளைக் கூடு பெரிசு, உள்ளே வெடிமருந்து அதிகம். முனையிலிருந்து பறக்கும் குண்டு அதே குண்டுதான். 180 கிரெயின் என்றால் 11.7 கிராம், நம் 15 கிராம் ஸ்ட்ரைக்கரை விடக் குறைவு. இந்தக் குண்டை .30-06 விநாடிக்கு 2,700 அடி வேகத்தில் தள்ளும், .300 வின்செஸ்டர் மேக்னம் 2,960 அடியில் தள்ளும். கூடுவது பத்து சதவீதத்துக்கும் குறைவான வேகம், அதற்காகக் கால் பங்குக்கு மேல் கூடுதல் மருந்து எரிகிறது, அந்தச் சூட்டில் குழாயும் சீக்கிரம் தேய்கிறது. இதெல்லாம் தெரிந்து வாங்கினால் சரி.

படி 3: பெயரைப் பார்த்து மயங்காதீர்கள்

.300 என்று பெயர் இருக்கும், குண்டின் விட்டம் .308 அங்குலம். 7 எம்.எம். என்பார்கள், அளந்தால் 7.2. அடிப்பக்கத்தில் பெல்ட் மாதிரி ஒரு வளையம் தெரிந்தால் அது 1912இல் வந்த .375 ஹாலந்து அண்ட் ஹாலந்தின் பரம்பரை. அந்தக் கூட்டின் தோள், அதாவது கழுத்தாகக் குறுகும் இடம், ரொம்பச் சரிவு, தோட்டா அறைக்குள் நழுவாமல் நிற்கப் பிடிமானம் வேண்டும் என்பதற்காக வளையம் வைத்தார்கள். பின்னால் வந்தவற்றில் பலவற்றுக்கு அது தேவையே இல்லை, பரம்பரைப் பெருமைக்காக ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2022இல் வந்த 7 பி.ஆர்.சி. என்கிற 7 எம்.எம். மேக்னத்தில் வளையம் கிடையாது.

படி 4: தோளைக் கேளுங்கள்

பலரும் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான், நான் உட்பட. கப்பலில் வேலை பார்த்த காலத்தில் டர்பனில் ஒரு வாரம் நின்றோம். அங்கே தமிழ்க் குடும்பத்து நண்பர் ஒருவர் சுடுதளத்துக்குக் கூட்டிப்போய் .300 வின்செஸ்டர் மேக்னத்தைக் கையில் கொடுத்தார். முதல் குண்டிலேயே ஸ்கோப் விளிம்பு புருவத்தில் அடித்து ரத்தம், தழும்பு இன்னும் இருக்கிறது. துடைத்துக்கொண்டு இன்னும் இரண்டு சுட்டேன். நாலாவதுக்கு அவர் எனக்குத் தெரியாமல் மருந்தில்லாத டம்மித் தோட்டாவை ஏற்றிவிட்டார். நான் விசையை அழுத்தினேன், 'டிக்' என்று மட்டும் கேட்டது, ஆனால் துப்பாக்கி முனை சடாரென்று கீழே குத்தியது. கண்ணையும் மூடியிருக்கிறேன். நம்ம பக்கம் பாக்சிங் பழக வரும் புதுப்பையன் கிளவுஸ் முகத்துக்கு வருவதற்குள் கண்ணை மூடுவானே, அதேதான். சுட்டதும் துப்பாக்கி தோளில் கொடுக்கும் உதை வருவதற்கு முன்பே உடம்பு பயந்துவிடுகிறது. அப்படிப் பயந்தவன் 400 கஜத்தில் எதைச் சுட்டு என்ன?

3.6 கிலோ துப்பாக்கியில் உதையின் அளவு, அடி-பவுண்டுக் கணக்கில், தோராயமாக இப்படி: .30-06 என்றால் 20, 7 எம்.எம். ரெமிங்டன் மேக்னம் 21, .300 வின்செஸ்டர் 26, .338 வின்செஸ்டர் 33. தம்பி கேட்டது அந்தக் கடைசி எண். வாங்கும் முன் யாரிடமாவது இரவல் கேட்டு, காதை மூடிக்கொண்டு பத்து குண்டு சுடுங்கள், நடுவில் எப்போது டம்மி வருகிறது என்று உங்களுக்குத் தெரியாமல் வேறொருவர் ஏற்றட்டும். முனை ஆடாத தோட்டாதான் உங்கள் தோட்டா.

படி 5: குண்டைத் தேர்ந்தெடுங்கள்

வேட்டைக் குண்டு உடம்புக்குள் போய் காளான் மாதிரி விரிய வேண்டும். பலவற்றுக்கு அதற்கு விநாடிக்கு 1,800 அடி வேகமாவது மிச்சம் இருக்க வேண்டும், பெட்டி மேலுள்ள அட்டவணையில் அந்த எண்ணுக்குக் கீழே போகும் தூரத்தைப் பார்த்து அங்கேயே கோடு போட்டுவிடுங்கள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேக்னம் வேகத்தில் மெல்லிய குண்டு 50 கஜத்தில் தோள் எலும்பில் பட்டால் சிதறிப்போகும், மான் அடிபட்டு ஓடும். அதனால் ஈயமும் உறையும் ஒட்டிய பாண்டட் குண்டு, இல்லையென்றால் முழுச் செம்புக் குண்டு. நீளமான கனத்த குண்டு வேண்டுமானால் குண்டைச் சுழற்றக் குழாயின் உள்ளே வெட்டியிருக்கும் வரிகளின் முறுக்கையும் பாருங்கள். பழைய 7 எம்.எம். ரெமிங்டன்களில் பெரும்பாலும் ஒன்பதேகால், ஒன்பதரை அங்குலத்துக்கு ஒரு சுற்று, 7 பி.ஆர்.சி.யில் 8 அங்குலத்துக்கு ஒன்று. நீளக் குண்டு தள்ளாடாமல் போக இந்த நெருக்கமான முறுக்கு வேண்டும்.

படி 6: காற்று

180 கிரெயின் .300 வின்செஸ்டரை 200 கஜத்தில் குறி பார்த்த இடத்திலேயே படும்படி சரிசெய்தால் 300இல் 7 அங்குலம் இறங்கும், 400இல் 20, 500இல் ஒரு மீட்டர். இறக்கம் பிரச்சினை இல்லை, தூரமானியும் அட்டவணையும் இருந்தால் மனப்பாடமே செய்துவிடலாம். காற்றுக்கு அட்டவணை உதவாது. மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்று 500 கஜத்தில் குண்டை அரை மீட்டர் தள்ளிவிடும். காசிமேட்டில் சாயங்காலம் படகுக் கொடிகளைப் பாருங்கள், கரையில் ஒரு பக்கம் பறக்கும், பாலத்துக்கு அந்தாண்டை வேறு பக்கம். பள்ளத்தாக்கும் அப்படித்தான்.

ஆகவே 25 சென்டிமீட்டர் தட்டு ஒன்றை மாட்டி, மேஜை இல்லாமல், காட்டில் சுடுகிற மாதிரி உட்கார்ந்து ஐந்து குண்டு சுடுங்கள். ஐந்தும் தட்டில் பட்ட கடைசித் தூரம்தான் உங்கள் எல்லை, தோட்டா எவ்வளவு தூரம் போகும் என்பது அப்புறம்.

சரி, எதை வாங்குவது? முதல் மேக்னம் என்றால் 7 எம்.எம். ரெமிங்டன்தான் என் ஓட்டு. 1962லிருந்து இருக்கிறது, உதை தாங்கும், சின்ன ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும். தோள் தாங்கினால் .300 வின்செஸ்டர். 7 பி.ஆர்.சி. நல்ல சரக்குதான், தோட்டா விலையைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

தம்பி 7 எம்.எம். எடுத்துவிட்டான். போன வாரம் தட்டைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான், 300 கஜம், நாலு ஓட்டை. ஐந்தாவது எங்கேடா என்று கேட்டால் காற்று என்கிறான்.