கணினியில் ஓயாமல் விளம்பரம் வருகிறதா? ஆட்வேரை நீக்கும் முறை, படிப்படியாக

எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை நடத்தும் அண்ணன் ஒருவர், "கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்துடுச்சு, ஃபார்மட் பண்ணிக் கொடு தம்பி" என்று சில வாரங்களுக்கு முன் என்னை அழைத்தார். போய்ப் பார்த்தபோது, திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன" என்ற பெட்டி நிமிடத்துக்கு ஒன்றாக எழுந்துகொண்டிருந்தது. குரோமில் எதைத் தேடினாலும் கூகுளுக்குப் பதிலாகக் கேள்விப்படாத ஒரு தேடல் பக்கம் திறந்தது. வைரஸ் என்று சொல்லத்தக்க ஒன்றும் அந்தக் கணினியில் இல்லை. இருந்தவை ஆட்வேர் எனப்படும் விளம்பர நிரல்கள் மட்டுமே. ஃபார்மட் செய்யாமலேயே ஒன்றரை மணி நேரத்தில் அதைச் சீர்செய்ய முடிந்தது. அன்று செய்தவற்றை, செய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

வரிசையை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஆட்வேர் பெரும்பாலும் ஓர் இடத்தோடு நிற்பதில்லை. நிறுவப்பட்ட நிரலாக ஒரு பகுதி, உலாவியின் (பிரௌசரின்) நீட்டிப்பாக, அதாவது கூடுதல் வசதிக்காக அதில் சேர்க்கும் 'எக்ஸ்டென்ஷ'னாக ஒரு பகுதி, குறித்த நேரத்தில் தானாக இயங்கும் பணியாக ஒரு பகுதி என்று பரவி நிற்கும். நம்மில் பலர் கண்ணில் படும் உலாவியை மட்டும் முதலில் சரிசெய்கிறோம். பின்னணியில் ஓடும் நிரல் மறுநாளே பழைய தேடல் பக்கத்தைத் திரும்ப அமர்த்திவிடுகிறது. முதலில் அறிவிப்புகளை நிறுத்திவிட்டு, நிரல், பிறகு சோதனை, அதன் பிறகே உலாவியின் மற்ற அமைப்புகள் என்று போனால் ஒரு வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியிராது.

ஆட்வேர் வெறும் தொல்லைதானே என்று விட்டுவிடுவதும் சரியல்ல. 2014-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லெனோவோ நிறுவனம் தன் மடிக்கணினிகள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர நிரலை முன்கூட்டியே நிறுவி விற்றது. மறைகுறியாக்கப்பட்ட பக்கங்களிலும் விளம்பரம் செருகுவதற்காக, அந்த நிரல் தன்னுடைய பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்றை (ஒரு தளம் உண்மையானதுதான் என்று உலாவி நம்புவதற்கு ஆதாரமானதை) விண்டோஸுக்குள் பதித்திருந்தது. அந்தச் சான்றிதழுக்குரிய ரகசியச் சாவி எல்லாக் கணினிகளிலும் ஒன்றாகவே இருந்ததால், அந்தச் சாவியைக் கண்டுபிடித்த எவரும் வங்கித் தளத்தைப் போலவே போலித் தளம் அமைத்து, உலாவி எச்சரிக்காதபடி ஏமாற்ற வழி பிறந்தது. 2015 பிப்ரவரியில் இது வெளிப்பட்ட பின், லெனோவோ அதை நீக்கும் கருவியை வெளியிட வேண்டியதாயிற்று. விளம்பரம் காட்டுவதற்காகத் திறந்த கதவு திருடனுக்கும் திறந்த கதவாக ஆனது.

முதல் படி: அறிவிப்புகளைப் பாருங்கள்

மூலையில் எழும் "வைரஸ்" பெட்டிகளில் பெரும்பாலானவை எந்த நிரலிலிருந்தும் வருவதில்லை. ஏதோ ஒரு தளத்தில் "நீங்கள் ரோபோ இல்லை என்பதை உறுதிசெய்ய 'அலவ்' என்பதை அழுத்துங்கள்" என்று கேட்டிருப்பார்கள், நாமும் அழுத்தியிருப்போம். அது மனிதர் என்பதை உறுதிசெய்யும் சோதனை அல்ல, அந்தத் தளம் நமக்கு அறிவிப்புகள் அனுப்ப நாமே கொடுத்த அனுமதி. புதுப்படம் பார்க்கவும் கிரிக்கெட் நேரலை பார்க்கவும் போகும் தளங்களில் இந்தத் தந்திரம் மிகுதி.

குரோமில் மேலே வலப்புறமுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, 'செட்டிங்ஸ்', 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று வரிசையாகச் செல்லுங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். உங்களுக்குத் தெரியாத ஒவ்வொன்றையும் நீக்கிவிட்டு, அதே பக்கத்தில் எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்கக்கூடாது என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். எட்ஜிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இதே அமைப்பு சற்று வேறு பெயரில் உண்டு. ஜெராக்ஸ் கடைக் கணினியில் இப்படிப் பதினொரு தளங்கள் இருந்தன. அவற்றை நீக்கியதும் மூலைப் பெட்டிகள் முற்றாக நின்றன.

அத்தகைய பெட்டியிலோ முழுத்திரை எச்சரிக்கையிலோ தொலைபேசி எண் இருந்தால், எக்காரணம் கொண்டும் அழைக்காதீர்கள். மறுமுனையில் பேசுபவர் தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலியை நிறுவச் சொல்வார். அதன் பிறகு நடப்பது களவு. ஏற்கெனவே பணம் பறிபோயிருந்தால், இந்தியாவில் இருப்பவர்கள் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணைத் தாமதமின்றி அழைக்க வேண்டும்.

இரண்டாம் படி: வேண்டாத நிரல்களை நீக்குங்கள்

விண்டோஸ் 11-இல் 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்', 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' என்று சென்று, பட்டியலை நிறுவிய தேதியின்படி அடுக்குங்கள். விண்டோஸ் 10-இல் இதே பக்கத்தின் பெயர் 'ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்'. தேதிவாரியாக அடுக்குவதுதான் இந்தப் படியின் சூட்சுமம். தொல்லை எந்த வாரம் தொடங்கியது என்பது உங்களுக்கு ஏறக்குறைய நினைவிருக்கும். அந்த வாரத்தில் நிறுவப்பட்டவற்றை மட்டும் பார்த்தால் போதும். ஒரே நாளில் நான்கைந்து நிரல்கள் நுழைந்திருந்தால், அவற்றில் ஒன்றைத்தான் நீங்கள் விரும்பி நிறுவியிருப்பீர்கள், மற்றவை அதன் முதுகில் ஏறி வந்தவை.

கடையில் நான் கண்டதும் அதுவே. வாடிக்கையாளர் ஒருவரின் வேர்டு கோப்பைப் பிடிஎஃப் ஆக்குவதற்காக அண்ணன் ஒரு மாற்றி நிரலைப் பதிவிறக்கியிருந்தார். அதே நாளில், அதே மணியில், "கணினி வேகமாக்கி" ஒன்றும் "டிரைவர் புதுப்பிப்பான்" ஒன்றும் வானிலை காட்டும் நிரல் ஒன்றும் அவர் அறியாமல் நிறுவப்பட்டிருந்தன. வேர்டிலேயே 'சேவ் ஆஸ்' சென்று பிடிஎஃப் ஆகச் சேமிக்கலாம் என்பதையும், விண்டோஸ் 10 முதல் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' என்ற அச்சுப்பொறி கணினியிலேயே இருக்கிறது என்பதையும் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை.

பெயர் புரியாத நிரலை உடனே நீக்கிவிடாதீர்கள். இன்டெல், ரியல்டெக், என்விடியா, மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் போன்ற பெயருடையவை பெரும்பாலும் கணினியோ அதிலுள்ள மற்ற நிரல்களோ இயங்கத் தேவையானவை. ஐயமிருந்தால் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

நீக்கும்போதும் கவனம் வேண்டும். ஆட்வேர் நிரல்களின் நீக்கல் சாளரத்தில், 'வைத்துக்கொள்' என்ற பொத்தான் பெரிதாகவும் பளிச்சென்றும், 'நீக்கு' என்பது மங்கிய சிறு எழுத்திலும் இருக்கும். ஒவ்வொரு சாளரத்தையும் படித்து அழுத்துங்கள். நிரல் நீங்க மறுத்தால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே 'ரீஸ்டார்ட்' கொடுத்து, 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' வழியாக மீண்டும் தொடங்கி, 4-ஆம் எண்ணை அழுத்திப் பாதுகாப்பு நிலையில் ('சேஃப் மோடு') நுழைந்து முயலுங்கள்.

மூன்றாம் படி: சோதனை

கையால் நீக்கியதன் மிச்சங்களைப் பிடிப்பதற்கு நான் பயன்படுத்துவது ஆட்வ்கிளீனர். 2016-இல் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் கைக்கு வந்த இந்த இலவசக் கருவியை நிறுவத் தேவையில்லை. மால்வேர்பைட்ஸ் தளத்திலிருந்தே பதிவிறக்கி நேரடியாக இயக்கலாம். வேறு தளங்களிலிருந்து எடுக்காதீர்கள். ஆட்வேரை நீக்கப் போய் ஆட்வேரை வாங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'ஸ்கேன்' அழுத்தினால் சில நிமிடங்களில் பட்டியல் வரும். அதைப் பார்த்துவிட்டுத் தனிமைப்படுத்தும் ('குவாரன்டைன்') பொத்தானை அழுத்தினால், கணினி மறுதொடக்கம் கேட்கும். கணினி நிறுவனமே முன்கூட்டி நிறுவியவற்றை இந்தக் கருவி தனியாகக் காட்டும். அவை வேறு வகை. தெரியாவிட்டால் தொடாமல் விடலாம்.

அதன் பிறகு 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து, 'வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்ஷன்', 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' என்று சென்று முழுச் சோதனை நடத்துங்கள். இது மணிக்கணக்கில் ஓடக்கூடியது. மதிய உணவு வேளையில் ஓடவிடுவது நல்லது.

நான்காம் படி: உலாவி

இப்போதுதான் உலாவியின் முறை. நீட்டிப்புகள் பக்கத்தைத் திறந்து, நீங்கள் அறிந்து நிறுவாத ஒவ்வொன்றையும் அகற்றுங்கள். விளம்பரத் தடுப்பான் என்று பெயர் வைத்திருப்பதாலேயே ஒன்றை நம்பிவிட வேண்டாம்: குரோமின் அதிகாரபூர்வக் கடையிலேயே போலி விளம்பரத் தடுப்பான்கள் இருந்ததையும், அவற்றை நிறுவியவர்கள் மொத்தமாக 2 கோடிக்கு மேல் இருந்ததையும் 2018 ஏப்ரலில், விளம்பரத் தடுப்பான் தயாரிக்கும் ஆட்கார்ட் நிறுவனம் வெளிப்படுத்தியது, கூகுள் பின்னர் அவற்றை நீக்கியது.

அடுத்து, அமைப்புகளில் 'சர்ச் இன்ஜின்' பகுதியில் கூகுளையோ உங்களுக்கு விருப்பமான வேறொன்றையோ அமர்த்தி, அறியாத தேடுபொறிகளைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். தொடக்கப் பக்கத்தையும் பாருங்கள். மாற்றம் மிகுதியாக இருந்தால், 'ரீசெட் செட்டிங்ஸ்' என்பதைப் பயன்படுத்துவதே எளிது. அது நீட்டிப்புகளை முடக்கி, குக்கிகளை அழிக்கும், ஆனால் புத்தகக்குறிகளையும் சேமித்த கடவுச்சொற்களையும் தொடாது. தளங்களில் மறுபடி உள்நுழைய வேண்டியிருக்கும், அவ்வளவே.

நீட்டிப்பை அகற்றும் பொத்தானே இல்லாமல், அதன் கீழே "உங்கள் நிர்வாகி நிறுவியது" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா? அலுவலகம் கொடுத்த கணினியாக இருந்தால் அது உண்மையாகவே நிர்வாகி செய்ததாக இருக்கலாம். அங்கே கை வைக்காமல் அவர்களைக் கேளுங்கள். வீட்டுக் கணினியில் இப்படி இருந்தால், அலுவலகங்கள் தம் கணினிகளில் உலாவியைக் கட்டுப்படுத்துவதற்காக உள்ள கொள்கை ('பாலிசி') அமைப்பை ஆட்வேர் தவறாகப் பயன்படுத்தித் தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள். ஆட்வ்கிளீனரின் அமைப்புகளில் குரோமின் கொள்கைகளை மீட்டமைக்கும் விருப்பம் ஒன்று உண்டு. அதை இயக்கி மீண்டும் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் உலாவியைத் திறந்தவுடன் அதே பக்கம் வந்தால், தவறு உலாவிக்குள் இல்லாமல் அதன் குறுக்குவழியில் ('ஷார்ட்கட்') இருக்கலாம். முகப்புத் திரையிலுள்ள குரோம் படத்தின் மேல் வலச்சொடுக்கி, 'ப்ராப்பர்ட்டீஸ்' சாளரத்தில் 'டார்கெட்' என்ற கட்டத்தைப் பாருங்கள். அது உலாவி நிரலின் பெயரோடு முடிய வேண்டும். அதற்குப் பின் ஓர் இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால், அந்தக் குறுக்குவழியை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்குங்கள். பத்துக் கணினிகளில் ஒன்றில்தான் இதைப் பார்க்கிறேன், ஆனால் தெரியாவிட்டால் ஒரு நாள் முழுவதையும் இது விழுங்கிவிடும்.

ஐந்தாம் படி: ஓரங்களில் ஒளிந்திருப்பவை

'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' அமைப்புகளில் 'ப்ராக்ஸி' (உங்கள் இணையப் போக்குவரத்தை இடையில் வேறொரு கணினி வழியாகத் திருப்பிவிடும் அமைப்பு) பக்கத்தைத் திறந்து, நீங்கள் வைக்காத ப்ராக்ஸி இயங்கினால் அணையுங்கள். டாஸ்க் மேனேஜரில், கணினி தொடங்கும்போதே இயங்கும் நிரல்களைக் காட்டும் 'ஸ்டார்ட்அப்' பட்டியலையும் பாருங்கள். பின்பு, குறித்த நேரத்தில் தானாக இயங்கும் பணிகளைக் காட்டும் 'டாஸ்க் ஷெட்யூலர்' நூலகத்தைத் திறந்து, பொருளற்ற எழுத்துக்கோவையைப் பெயராகக் கொண்டு உலாவியையோ ஓர் இணைய முகவரியையோ திறக்கும் பணி இருக்கிறதா என்று தேடுங்கள். கடைக் கணினியில் அப்படி ஒன்று மணிக்கொரு முறை ஓடிக்கொண்டிருந்தது. அழிக்கத் தயங்கினால் முதலில் முடக்கி வைத்துப் பார்க்கலாம்.

நீக்கிய நீட்டிப்புக்கு "எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்" அனுமதி இருந்திருந்தால், வங்கி, மின்னஞ்சல் ஆகியவற்றின் கடவுச்சொற்களை மாற்றிவிடுங்கள். இதைச் சுத்தமான வேறொரு கணினியிலோ கைபேசியிலோ செய்வது மேல். அதே கூகுள் கணக்கு வேறு கணினியிலும் ஒத்திசைவில் இருந்தால் அங்கேயும் நீட்டிப்புகளைப் பாருங்கள். இல்லையென்றால் அங்கிருந்து திரும்பி வந்துவிடக்கூடும்.

இனி வராமல் இருக்க

விண்டோஸில் இதற்கென்றே ஒரு தடுப்பு இருக்கிறது. 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் 'ஆப் அண்ட் பிரௌசர் கண்ட்ரோல்', 'ரெப்யூடேஷன் பேஸ்டு புரொடெக்ஷன்' என்று சென்று, வேண்டாத செயலிகளைத் தடுக்கும் விருப்பத்தை இயக்கி, அதன் கீழுள்ள இரண்டு கட்டங்களையும் குறியிடுங்கள். 2020 மே மாதப் புதுப்பிப்பு முதல் விண்டோஸ் 10-இலும் இது உண்டு.

எதையாவது நிறுவும்போது 'எக்ஸ்பிரஸ்' அல்லது 'ரெகமண்டட்' என்பதைத் தவிர்த்து, 'கஸ்டம்' அல்லது 'அட்வான்ஸ்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கூடவே வரும் நிரல்களுக்கான 'டிக்' கட்டங்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும். பெயர்பெற்ற இடம் என்பதால் மட்டும் அசந்துவிடாதீர்கள். ஜாவாவை நிறுவியவர்களுக்கு உலாவியில் ஒட்டிக்கொள்ளும் ஆஸ்க் கருவிப்பட்டையும் ('டூல்பார்') சேர்ந்து வந்தது பலருக்கு நினைவிருக்கும்; ஜிம்ப் என்ற இலவசப் பட நிரலின் விண்டோஸ் நிறுவி, சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற நிரல் பதிவிறக்கத் தளத்தில் விளம்பர நிரல்களோடு சேர்த்துக் கட்டித் தரப்பட்டது 2015-இல் பெரும் சர்ச்சையானது. தேடல் முடிவுகளின் உச்சியில் 'ஸ்பான்சர்டு' என்ற குறிப்போடு வருவதை விட்டுவிட்டு, விஎல்சி என்றால் வீடியோலேன், லிப்ரே ஆஃபிஸ் என்றால் அதன் சொந்தத் தளம் என்று உருவாக்கியவரிடமே செல்லுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. எழுத்துருவும் தட்டச்சு நிரலும் தேடித்தான் நம்மில் பலர் இத்தகைய தளங்களில் விழுகிறோம். விண்டோஸின் மொழி அமைப்புகளில் தமிழைச் சேர்த்தாலே விசைப்பலகை கிடைத்துவிடும். 2019 மே மாதப் புதுப்பிப்பு முதல் ஒலிப்புமுறை விசைப்பலகையும் உண்டு. எழுத்துருக் கோப்பு டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் என்று முடியும். இஎக்ஸ்இ என்று முடிவது எழுத்துரு அல்ல, இயங்கும் நிரல். கோப்பின் இந்த வால் உங்களுக்குத் தெரிவதற்கு, ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பட்டியில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை இயக்கி வையுங்கள்.

பலர் கைவைக்கும் கணினியாக இருந்தால், அன்றாட வேலைக்கு நிர்வாகி அதிகாரமில்லாத தனிக் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். எதையாவது கணினி முழுவதற்கும் நிறுவ முயன்றால் விண்டோஸ் கடவுச்சொல்லைக் கேட்கும். ஜெராக்ஸ் கடையில் இப்போது அந்தக் கடவுச்சொல் அண்ணனிடம் மட்டும் இருக்கிறது. வேலைக்கு நிற்கும் பையன் பிடிஎஃப் மாற்றி வேண்டும் என்று இரண்டு முறை கேட்டுவிட்டான். இரண்டு முறையும் அண்ணன் 'சேவ் ஆஸ்' பொத்தானைக் காட்டிவிட்டாராம்.