இனீப்ரியேட்டட்னா குடிகாரர்னு அர்த்தம் இல்லைங்க

போன மாசம் ஒரு விபத்து ரிப்போர்ட்டோட மொழிபெயர்ப்ப சரிபாக்க குடுத்தாங்க. இங்கிலீஷ்ல 'தி டிரைவர் அப்பியர்ட் இனீப்ரியேட்டட்'னு இருக்கு, தமிழ்ல 'ஓட்டுநர் ஒரு குடிகாரர்'னு எழுதி வச்சிருக்காங்க. எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. ரிப்போர்ட் எழுதினவர் சொன்னது ஆளு பாக்க போதையில இருந்த மாதிரி தெரிஞ்சுதுன்னு மட்டும்தான், அதுவும் அந்த நேரத்துக்கு, ஆனா குடிகாரர்னு போட்டா அவருக்கு அதுதான் பொழப்புன்னு ஆயிடுது, வேலையே போயிடும். 'குடிபோதையில் இருந்ததாகத் தெரிந்தது'ன்னு மாத்தி அனுப்பினேன்.

இந்த குழப்பத்துக்கு ஒரு காரணமும் இருக்கு. இனீப்ரியேட்டட்ங்கறது நிலைய சொல்ற வார்த்தை. ஆனா 'ஆன் இனீப்ரியட்'னு பெயர்ச்சொல்லா வந்தா அது நிஜமாவே எப்பவும் குடிக்கிறவரத்தான் குறிக்கும், பிரிட்டன்ல 1898-ல குடிக்கு அடிமையானவங்கள சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்ப கொண்டுவந்த சட்டத்துக்கே 'இனீப்ரியட்ஸ் ஆக்ட்'னுதான் பேரு. இப்ப யாரும் ஒருத்தர அப்படி கூப்பிடறதில்ல, நீங்களும் எழுதாதீங்க. உச்சரிப்பும் மாறும், வினைச்சொல்லா வந்தா கடைசில 'யேட்', பெயர்ச்சொல்லா வந்தா 'யட்', ரெண்டுலயும் அழுத்தம் 'னீ' மேலதான். எழுதும்போது பி, ஆர்-க்கு அப்புறம் வர்ற ஐ-ய நிறைய பேரு விட்டுடறாங்க, அதையும் பாத்துக்கோங்க.

இன்னொரு தப்பு, முன்னாடி இருக்கற 'இன்'ன பாத்துட்டு இன்கம்ப்ளீட், இன்ஆக்டிவ் மாதிரி இதுவும் எதிர்ப்பொருள்னு நெனச்சு, அப்ப இது போதை இல்லாதவர்தானேன்னு ஒரு ஸ்டூடண்ட் என்கிட்ட கேட்டாங்க. நியாயமான சந்தேகம்தான். லத்தீன்ல எப்ரியஸ்னாலே குடிச்சவர், இங்க 'இன்' அதுக்கு அழுத்தம் குடுக்குதே தவிர மறுக்கல. எதிர்ப்பொருள் ஒளிஞ்சிருக்கறது சோபர்ங்கற வார்த்தையில, அது சோப்ரியஸ்லேர்ந்து வந்தது, போதை இல்லாதவர்னு அர்த்தம். ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான், இத ஒரு தடவ புரிஞ்சுகிட்டா அப்புறம் மறக்காது.

இன்டாக்சிகேட்டடும் இதுவும் ஒண்ணுதான்னு மாத்தி மாத்தி போடறதும் எல்லா இடத்துலயும் செல்லாது. இன்டாக்சிகேட்டட்ல டாக்சிக் இருக்கு பாருங்க, கிரேக்கத்துல அம்புல தடவற விஷத்த குறிச்ச சொல்லுலேர்ந்து வந்தது, அதனால மாத்திரை, கஞ்சா எதால போதை வந்தாலும் அது பொருந்தும். இனீப்ரியேட்டட் பெரும்பாலும் மதுவுக்குத்தான். ரிப்போர்ட்ல எதனாலன்னு தெரியாதப்ப இனீப்ரியேட்டட்னு எழுதினா குடிச்சாருன்னு நீங்களே முடிவு பண்ணின மாதிரி ஆயிடும்.

'ஹி இனீப்ரியேட்டட் லாஸ்ட் நைட்'னு எழுதறதும் தப்பு, நடுவுல 'வாஸ்' வேணும், ஏன்னா ஆளு இனீப்ரியேட் பண்றதில்ல, மதுதான் ஆள பண்ணுது. மறுநாள் காலைல தலவலிக்கும் இந்த வார்த்தை ஆகாது, அது ஹேங்ஓவர்.

எங்க போடலாம்னா ரிப்போர்ட், கடிதம், செய்தி மாதிரி இடத்துல தாராளமா போடலாம். ஃப்ரெண்டுக்கு மெசேஜ் அனுப்பும்போது சாதாரணமா டிரங்க்னே எழுதுங்க, அங்க இனீப்ரியேட்டட்னு போட்டா வாக்குமூலம் குடுக்கற மாதிரி இருக்கும்.