துப்பாக்கிக் குழல்ல இருக்கிறது கடை பேரு: பழைய அமெரிக்க ஷாட்கனை கண்டுபிடிச்சு விலை போடறது எப்படி

அமெரிக்கால பழைய வீட்டை காலி பண்ணும்போது அலமாரிக்குப் பின்னாடி ஒரு ஷாட்கன் கிடைக்கும், பேரல்ல, அதாவது குழல்ல, ஜே.சி. ஹிக்கின்ஸ்னோ ரெவலேஷன்னோ இருக்கும், அந்தப் பேர்ல துப்பாக்கி கம்பெனி எங்கன்னு தேடித் தேடி அலுத்துப் போவாங்க. அப்படி கம்பெனியே கிடையாதுங்க. நம்ம சூப்பர் மார்க்கெட்ல யார்கிட்டயோ பருப்பு வாங்கி கடை பேர் போட்டு விக்கிறாங்கல்ல, அதே கதைதான்.

முதல்ல தோட்டா இருக்கான்னு பாருங்க. சேம்பர் (சுடும்போது தோட்டா உக்கார்ற அறை), மேகசின் குழாய் (மிச்சத் தோட்டா அடுக்கி வெக்கிற குழாய்) ரெண்டையும் கண்ணால பார்த்து, விரல் விட்டும் தொட்டுப் பாருங்க. தெரியலன்னா தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க, இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

அடுத்து பேர். ஜே.சி. ஹிக்கின்ஸ், டெட் வில்லியம்ஸ், ரேஞ்சர்னா சியர்ஸ் கடை. வெஸ்டர்ன் ஃபீல்டுன்னா மான்ட்கோமரி வார்டு. ரெவலேஷன்னா வெஸ்டர்ன் ஆட்டோ.

இப்பதான் முக்கியமான இடம். பேரல்ல இருக்கிற மாடல் நம்பரை லைட் அடிச்சு பாருங்க, சியர்ஸ் துப்பாக்கில 583.20 மாதிரி நடுவுல புள்ளி வெச்ச நம்பர் இருக்கும், அந்தப் புள்ளிக்கு முன்னாடி இருக்கிறதுதான் செஞ்சவங்களோட அடையாளம். 583னா ஹை ஸ்டாண்டர்ட், 273னா வின்செஸ்டர். டெட் வில்லியம்ஸ் மாடல் 200 உண்மையில வின்செஸ்டர் 1200தான். வெஸ்டர்ன் ஃபீல்டு எம்550, ரெவலேஷன் 310 ரெண்டுமே மாஸ்பெர்க் கம்பெனியோட 500 மாடல், அதனால பார்ட்ஸ் கிடைக்கிறது ஈஸி. மத்ததுக்கு நியூம்ரிக்னு ஒரு பார்ட்ஸ் கம்பெனி எந்த மாடலுக்கு எது அசல்னு பட்டியலே போட்டு வெச்சிருக்காங்க.

சீரியல் நம்பர் இல்லையேன்னு பயப்படாதீங்க, 1968ல வந்த அமெரிக்க துப்பாக்கி சட்டத்துக்கு முன்னாடி வந்த மலிவு ஷாட்கன் நிறைய நம்பர் இல்லாமதான் வந்துச்சு. ஆனா இருந்த நம்பரை அரத்தால ராவி அழிச்சிருந்தாலோ, பேரல் 18 இன்ச்சுக்கு கம்மியா அறுத்திருந்தாலோ வாங்காதீங்க, சட்டச் சிக்கல்.

ரெட்டைக்குழல் துப்பாக்கின்னா இன்னும் கவனம் வேணும். கனெக்டிகட்ல நார்விச் ஊர்ல இருந்த கிரெசென்ட் கம்பெனி எத்தனையோ கடை பேர்ல அடிச்சு தள்ளியிருக்காங்க, பெல்ஜியம் சரக்கும் நிறைய, அதுல பேரல் அடியில முட்டை வடிவத்துக்குள்ள இஎல்ஜின்னு முத்திரை இருக்கும். பேரலுக்கு கீழ கை புடிக்கிற முன்கட்டையைக் கழட்டி பேரல் அடியைப் பாருங்க, கயிறு முறுக்கின மாதிரி வரி வரியா ஓடுச்சுன்னா அது டமாஸ்கஸ் இல்லன்னா ட்விஸ்ட் பேரல், கரிமருந்து காலத்து சாமான். அதுல இப்ப கடைல கிடைக்கிற தோட்டாவை போட்டு சுடவே சுடாதீங்க, பேரல் வெடிச்சா கைவிரல் போயிடும். பழைய 16 கேஜ்ல (கேஜ்னா குழல் விட்டத்தோட அளவு) சேம்பர் நீளம் 2 9/16 இன்ச்சா இருக்கலாம், இன்னிக்கு வர்ற தோட்டா 2 3/4, அதாவது அந்த சேம்பரை விட நீளம். சுடணும்னு நினைச்சா கன்ஸ்மித், அதாவது துப்பாக்கி ரிப்பேர் பண்றவர், அளந்து பார்த்து சொல்லட்டும்.

விலைக்கு வருவோம். அசல் கம்பெனி பேர் போட்ட அதே மாடல் என்ன விலையோ, கடை பேர் போட்டது பொதுவா அதுக்கும் கீழதான் போகும், உள்ளே இரும்பு ஒண்ணா இருந்தாலும். அதுக்கப்புறம் கண்டிஷன்தான். பழைய நீலப் பாலிஷ் எவ்வளவு மிச்சம், கட்டைல கை புடிக்கிற இடத்துல விரிசல் உண்டா, பேரல் உள்ள துரு குழி இருக்கா. தயவுசெஞ்சு விக்கிறதுக்கு முன்னாடி உப்புத்தாள் போட்டு தேய்ச்சு பளபளன்னு ஆக்காதீங்க, இருக்கிற விலையும் போயிடும். ஏல சைட்ல கேக்குற விலையைப் பார்க்காம வித்து முடிஞ்ச விலையை மட்டும் பாருங்க, அதே மாடல் அதே கண்டிஷன்ல நாலஞ்சு பார்த்தாலே கணக்கு புடிபட்டுடும்.