எஞ்சின் மிஸ் ஆகிறதா? பாகம் வாங்கும் முன் இடம் மாற்றிப் பாருங்கள்

சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி ஒரு கணம் தயங்கி, உதறி, பிறகுதான் கிளம்புகிறது. மெக்கானிக்குகள் இதை ‘மிஸ்ஸிங்’ என்பார்கள். நின்ற நிலையில் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால், ஒவ்வொரு சிலிண்டரிலும் பெட்ரோல் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வீதம் 400 முறை எரிய வேண்டும். அவற்றில் ஒன்று எரியாமல் விட்டால், பல்லக்குத் தூக்கும் நால்வரில் ஒருவர் மட்டும் தோளை எடுத்துவிட்டது போல வண்டி ஆட ஆரம்பித்துவிடும்.

என் காருக்கு இது வந்தபோது ஒரு பட்டறையில், பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக் நான்கையும், அவற்றுக்கு உயர் வோல்ட் மின்சாரம் தரும் காயில் நான்கையும் மாற்றினார்கள். பில் பத்தாயிரத்தை நெருங்கியது. இரண்டு நாள் ஒழுங்காக ஓடிவிட்டு, மூன்றாம் நாள் மறுபடியும் அதே உதறல். கடைசியில் பார்த்தால் மூன்றாவது காயிலுக்குப் போகும் ஒயரை எலி கடித்திருந்தது. அன்றிலிருந்து, கோளாறு எங்கே என்று தெரியாமல் நான் எந்தப் பாகமும் வாங்குவதில்லை.

கீழே சொல்வது பெட்ரோல் காருக்கு. அதிலும் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனிக் காயில் உட்கார்ந்திருக்கும் வகைக்கு. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது.

முதலில் டாஷ்போர்டைப் பாருங்கள். செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால், வண்டியை மெதுவாக வீட்டுக்கு ஓட்டி வரலாம். விட்டுவிட்டு மின்னினால் ஓரமாக நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது என்று அதற்கு அர்த்தம். கன்வெர்ட்டர் கெட்டால் ஆகும் செலவுக்கு முன்னால் காயிலின் விலையெல்லாம் சில்லறைக் காசு.

படி 1: கோடு (கோளாறுக் குறியீடு) படித்தல்

ஸ்டியரிங்குக்குக் கீழே, டாஷ்போர்டின் அடியில் 16 துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ப்ளூடூத் ஓபிடி ரீடரை (வண்டியின் கணினி பதிந்துவைத்த கோடைப் படிக்கும் சிறு கருவி) செருகி, செல்பேசிச் செயலியில் கோடைப் படியுங்கள். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது. இப்படியே பி0304 வரை. பி0300 என்றால் எந்த ஒன்றிலும் நிலைக்காமல் மாறி மாறி மிஸ் ஆகிறது. கோடைக் குறித்துக்கொள்ளாமல் அழித்துவிடாதீர்கள்.

பெரும்பாலான கார்களில் பெல்ட் இருக்கும் பக்கத்தில் இருப்பதுதான் முதல் சிலிண்டர். ஆனாலும் உங்கள் வண்டியின் கையேட்டில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

படி 2: கண்ணால் பார்த்தல்

எஞ்சின் நன்றாக ஆறட்டும். சிலிண்டர்களுக்கு மேலே உள்ள அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது அதிலிருந்து பிளக்கைக் கழற்றினால் மரை போய்விடலாம். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகடிவ் முனையையும் கழற்றுங்கள். எஞ்சின் ஓடும்போது காயிலை உருவிப் பார்ப்பது பழைய பட்டறை வழக்கம். காயிலிலிருந்து வருவது பல ஆயிரம் வோல்ட். அந்த விளையாட்டு வேண்டாம்.

ஒயர்களை விரலால் தடவிப் பாருங்கள். எலி கடித்த தடம், தளர்ந்த கனெக்டர், பச்சை பூத்த பின் ஏதாவது தென்படலாம். ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். காயிலை வெளியே எடுத்ததும் குழிக்குள் டார்ச் அடியுங்கள். மழைக்குப் பிறகோ எஞ்சினைக் கழுவிய பிறகோ மிஸ்ஸிங் தொடங்கியிருந்தால், அங்கே தண்ணீர் நிற்க வாய்ப்புண்டு. எண்ணெய் நின்றால் மேல்மூடியின் சீல் போயிருக்கிறது. அதை மாற்றாமல் புதுக் காயில் போட்டால் அதுவும் எண்ணெயில் ஊறும்.

படி 3: இடம் மாற்றுதல்

பட்டறைகள் செய்யச் சோம்பல்படும் சோதனை இது. காசு செலவில்லை, பெரும்பாலும் ஒரு 10 எண் சாக்கெட் ஸ்பேனர் போதும்.

பி0303 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது காயிலை இரண்டாவதன் இடத்திலும், இரண்டாவதை மூன்றாவதன் இடத்திலும் பொருத்துங்கள். கனெக்டரின் பூட்டு பழைய பிளாஸ்டிக். அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும், பிடுங்கினால் உடையும். பேட்டரியை இணைத்து, கோடை அழித்துவிட்டு, உதறல் வரும்வரை ஓட்டிப் பாருங்கள். கோடு பி0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. அந்த ஒரு காயிலை மட்டும் வாங்கினால் போதும். பி0303 நகராமல் அங்கேயே நின்றால் காயில் நல்லது. அடுத்து பிளக்கை இதே போல மாற்றிப் பாருங்கள்.

அவசரப்பட்டுக் காயிலையும் பிளக்கையும் ஒரே நேரத்தில் மாற்றினால், கோடு நகர்ந்தாலும் எதனால் நகர்ந்தது என்று தெரியாது.

படி 4: பிளக்கைக் கழற்றுதல்

கழற்றும் முன் குழியில் உள்ள மண்ணைச் சைக்கிள் பம்பால் ஊதிவிடுங்கள். இல்லாவிட்டால் அது நேராக சிலிண்டருக்குள் விழும். பிளக் சாக்கெட் பல கார்களுக்கு 16 மி.மீ.; சிலவற்றுக்கு 14.

நுனி இளம் பழுப்பாக இருந்தால் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி விழாமல் இருந்திருக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் உள்ளே பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். வெள்ளைப் பீங்கானில் மயிரிழை போல விரிசல் இருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். நுனியில் பொறி தாவும் இடைவெளி சாதாரணமாக 0.8 முதல் 1.1 மி.மீ. வரை, சரியான அளவு கையேட்டில் இருக்கும். இரிடியம் பிளக்கின் நுனி ஊசி போன்றது, அதை நெம்ப வேண்டாம்.

மாட்டும்போது முதலில் கையால் மட்டுமே திருகுங்கள். தடுத்தால் மரை கோணலாக ஏறுகிறது. பின்னால் திருப்பி மீண்டும் தொடங்குங்கள். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து திருகும் ஸ்பேனர்) இல்லையென்றால், வாஷர் உள்ள புது பிளக்குக்குக் கையிறுக்கத்துக்குப் பிறகு அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக; ஏற்கெனவே பயன்படுத்தியதற்கு ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். பலத்தைக் காட்டி மரையைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் அறிவேன்.

கோடு நகரவே இல்லையென்றால்

எஞ்சின் ஓடும்போது நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் வைத்து, பிடியைக் காதருகே கொண்டுபோனால் ‘டிக் டிக்’ என்று கேட்கும். துண்டின் நுனி, தலைமுடி, கை எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது. மூன்று இன்ஜெக்டர் பேசி ஒன்று மட்டும் மௌனமாக இருந்தால், அதன் ஒயரையும் இன்ஜெக்டரையும் சந்தேகிக்கலாம். ஆனால் அதை வீட்டில் கழற்றாதீர்கள். குழாயில் பெட்ரோல் அழுத்தத்தோடு நிற்கிறது. நான்கும் பேசினால் அடுத்தது சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை. அதற்குப் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

பி0300 வந்து, பங்கில் பெட்ரோல் போட்ட அன்றே உதறல் தொடங்கியிருந்தால் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். நிற்கும்போது மட்டும் உதறி, ஓடும்போது சரியாகி, எங்கோ ‘உஸ்’ என்று காற்று உறிஞ்சும் சத்தமும் கேட்டால் ஏதோ ஒரு வேக்குவம் குழாய் கிழிந்திருக்கும்.

பட்டறைக்குப் போகும்போது, எந்தக் கோடு வந்தது, எதை எங்கே மாற்றியும் அது நகரவில்லை என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். என் ஒயரைச் சரிசெய்த எலக்ட்ரீஷியன் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு நேராக மூன்றாவது கனெக்டரில்தான் கை வைத்தார். வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது.