கைப்பேசியில் முதல் குறும்படம்: பார்ப்பதில் தொடங்கி, ஒலி விலகாமல் முடிப்பது வரை

கல்லூரிக்காக ஒரு குறும்படம் எடுக்க வேண்டும், கையில் இருப்பது கைப்பேசியும் ஒரு பழைய மடிக்கணினியும்தான் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். செயலிகளை நிறுவுவது, கோப்புகளை நகலெடுப்பது பற்றியெல்லாம் இங்கே பேசவில்லை. எங்கள் குழுவைத் தூங்கவிடாத சிக்கல் ஒலியில் இருந்தது. நான்காம் படியில் அதை விரிவாகச் சொல்கிறேன்.

படி 1: ஒரே ஒரு படத்தைப் பிரித்துப் பாருங்கள்

பத்துப் படங்களை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட, ஒன்றை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பது மேல். என் தேர்வு, ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி 1970இல் எடுத்த ‘ரொட்டியும் சந்தும்’. அவருடைய முதல் படம் அது. கறுப்பு வெள்ளையில் பத்து நிமிடம் அளவுக்கு ஓடும். ரொட்டியோடு வீடு திரும்பும் சிறுவனை ஒரு நாய் மறிக்கிறது, கதை அவ்வளவுதான். வசனம் அநேகமாக இல்லை.

முதல் முறை நிறுத்தாமல் பாருங்கள். இரண்டாம் முறை ஒலியை அடைத்துவிட்டுப் பாருங்கள். மூன்றாம் முறை திரையைப் பார்க்காமல் கேளுங்கள். உற்சாகமாக ஒலித்துக்கொண்டிருந்த இசை நாய் வந்ததும் அறுந்துபோகும். சிறுவனின் பயம் நமக்கு அங்கேயே தொற்றிவிடுகிறது.

பிறகு ஷாட் ஷாட்டாக நோட்டில் எழுதுங்கள்: எத்தனை நொடி, எட்ட இருந்தா கிட்ட இருந்தா, கேமரா நகர்கிறதா, என்ன கேட்கிறது. விஎல்சி பிளேயரில் ஆங்கில ‘E’ விசையை அழுத்தினால் படம் ஒவ்வொரு ஃபிரேமாக (வீடியோவில் அடங்கிய தனித்தனி நிலைப்படமாக) நகரும், வெட்டு விழும் இடம் துல்லியமாகத் தெரியும்.

சிறுவன் வீட்டுக்குள் போவதும் நாய் வாசலில் படுப்பதும் ஒரே ஷாட்டில் வர வேண்டும் என்று கியாரோஸ்தமி பிடிவாதமாக இருந்தார். துண்டு துண்டாக எடுத்து ஒட்டலாம் என்றார் ஒளிப்பதிவாளர். இயக்குநர் விட்டுக்கொடுக்கவில்லை. உங்கள் கதையிலும் வெட்டக் கூடாத ஒரு கணம் இருக்கும். எழுதும்போதே அதைக் கண்டுபிடித்துவிடுங்கள்.

படி 2: கையில் இருப்பதற்கு ஏற்ற கதை

ஓர் இடம், இரண்டு பேர், ஐந்து நிமிடம் போதும். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடப் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவுக் காட்சியையும் மழையையும் முதல் படத்தில் தவிர்த்துவிடுங்கள்.

படி 3: படப்பிடிப்பு

நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி விழும் நேரம்) 1/50 நொடி. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்தக் கணக்கு. இதை விட்டால் குழல்விளக்கு வெளிச்சத்தில் படம் துடிக்கலாம், பட்டை பட்டையாகக் கோடும் ஓடலாம். ஃபோகஸ், வெளிச்சம், வெண்மைச் சமநிலை (வெள்ளை வெள்ளையாகவே தெரிய வைக்கும் அமைப்பு) மூன்றையும் தானாக மாறாதபடி பூட்டிவிடுங்கள். கைப்பேசியோடு வரும் கேமரா செயலி பெரும்பாலும் இதற்கெல்லாம் இடம் தராது. இலவசமாகக் கிடைக்கும் ‘பிளாக்மேஜிக் கேமரா’வைத்தான் நான் பரிந்துரைப்பேன். காசு இருந்தால் முதலில் முக்காலி வாங்குங்கள், கிம்பல் (கை நடுக்கத்தைச் சமன்செய்யும் பிடி) பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 4: ஒலி

ஒலியை இன்னொரு கைப்பேசியில், நடிப்பவருக்கு அருகில் வைத்துப் பதியுங்கள். சட்டைப் பைக்குள் வைத்து, காலர் ஓரத்தில் சிறு மைக்கைக் குத்தினால் நன்றாக வரும். மின்விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு முறை கைதட்டுங்கள். கடைசியாக, எல்லோரும் வாயை மூடி நிற்க, அந்த அறையின் அமைதியை அரை நிமிடம் பதியுங்கள். இரண்டு வசனங்களுக்கு நடுவே விழும் ஓட்டையை அடைக்க அது இல்லாமல் முடியாது.

இனி சிக்கல். தொடக்கக் கைதட்டலை வைத்து ஒலியையும் படத்தையும் பொருத்தினோம். கச்சிதமாகச் சேர்ந்தது. ஆனால் மூன்றாம் நிமிடத்தில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். ஒலியை இழுத்து ஒட்டினால் வேறோர் இடத்தில் விலகியது.

காரணம் இதுதான். பல கைப்பேசிகள் 25 ஃபிரேம் என்று சொன்னாலும் நொடிக்கு நொடி எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துப் பதிகின்றன. வெளிச்சம் குறைந்தால் மாறும், கருவி சூடானாலும் மாறும். படத்தொகுப்பு மென்பொருளோ சீரான வேகத்தை எதிர்பார்க்கிறது. ஐந்து நொடி ஷாட்டில் இது கண்ணுக்கே தெரியாது. நீங்கள் வெட்டக் கூடாது என்று காத்துவைத்த அந்த நீண்ட ஷாட்டில்தான் அம்பலமாகும்.

தீர்வு: எடிட்டிங்குக்கு முன்பே எல்லாக் கோப்புகளையும் ‘ஹேண்ட்பிரேக்’ என்ற இலவச மென்பொருளில் மாற்றுங்கள். ‘வீடியோ’ பகுதியில் ஃபிரேம் வேகம் 25, அதன் கீழே ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ (மாறாத வேகம்) என்று தேர்ந்தெடுங்கள். மாற்றியதும் இரண்டு கைதட்டலையும் சரிபாருங்கள். இரண்டும் பொருந்தினால் நடுவில் கவலையில்லை.

படி 5: தொகுப்பு

எனக்குப் பிடித்த தொகுப்பு மென்பொருள் டாவின்சி ரிசால்வ். இலவசப் பதிப்பே மாணவர்களுக்குத் தாராளம். கோப்புகளைச் சேர்ப்பதற்கு முன் திட்டத்தின் ஃபிரேம் வேகத்தை 25 என்று வைத்துவிடுங்கள், பிறகு மாற்ற விடாது. திரைப்படப் பாடல்களைத் தொடாதீர்கள், உரிமைச் சிக்கல் வரும். விழாக்களுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் நீளத்தைக் கவனியுங்கள். கான் விழாவின் குறும்படப் போட்டியில் வரம்பு 15 நிமிடம். ஆஸ்கரில் பெயர்ப்பட்டியலோடு சேர்த்து 40 நிமிடம்.

பின்சேர்க்கை: “மாற்றிய பிறகும் ஒலி விலகுகிறது” என்று பின்னூட்டத்தில் சிலர் எழுதியிருந்தார்கள். ஹேண்ட்பிரேக்கில் தானாகத் தேர்வாகியிருப்பது ‘பீக் ஃபிரேம்ரேட்’. அதை அப்படியே விட்டுவிட்டால் எதுவும் சீராகாது, கையால் மாற்ற வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தில் ரிசால்வின் இலவசப் பதிப்பு இந்தக் கோப்புகளின் படத்தையே படிக்காமல் போகலாம். கட்டணப் பதிப்பில் படம் வந்தாலும் ஒலி வராமல் போகலாம். கைப்பேசிகள் பதியும் ஏஏசி (AAC) என்ற சுருக்கிய ஒலி வடிவம்தான் அங்கே சிக்கல். ஒலியை வேவ் (WAV) என்ற சுருக்காத ஒலிக் கோப்பாகத் தனியே எடுத்துச் சேர்த்தால் ஒலி வரும்.